ராஜா இல்லாத சரித்திர நாவல் இருந்தால் சொல்லுங்கள்

19.1.2025 – கேள்வி

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் ஆறு நாவல் வாங்கி வந்தேன். வீட்டில் அடுக்கிப் பார்த்தால் ஆறு பேரும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். யாரும் பேசாத ஆள் எழுதிய நல்ல நாவலை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? சரித்திர நாவல் என்றாலும் சரி. ராஜா, ஒற்றன், சுரங்கப்பாதை மூன்றும் இல்லாமல் இருந்தால் போதும்.

19.1.2025, இரவு 10.40

பட்டியல் கேட்காதீர்கள். பட்டியல் போடுகிறவர் இன்னொருவர் பட்டியலைப் பார்த்துத்தான் போடுகிறார். பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள்.

பதிப்பாளர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் நூலக ஆணைக்கு (அரசு நூலகங்களுக்குப் பிரதிகள் வாங்கும் உத்தரவு) விண்ணப்பித்துவிடுவார். ஆணை வந்தால் அச்சுச் செலவு தேறிவிடும். அதனால் எந்தக் கடையிலும் கண்ணில் படாத நாவல்கள் கிளை நூலகத்தின் கீழ்த்தட்டில் கிடக்கும். குனிந்து எடுக்கவேண்டும், அவ்வளவுதான். 1948 நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. நம் செட்டிநாட்டுப் பக்கம் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகளுக்கு வரி கட்டிவிட்டு நூலகம் போகாமல் இருப்பது சுத்த நஷ்டம்.

எடுத்ததும் அட்டையைப் பார்க்காதீர்கள். தேதிச் சீட்டைப் பாருங்கள். நான்கைந்து வருஷம் ஒரு முத்திரையும் இல்லாமல், திடீரென்று இரண்டு மாதத்தில் மூன்று முத்திரை விழுந்திருந்தால், யாரோ ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ஒரு ஆள் போதும்.

20.1.2025

ஒன்று விட்டுப்போனது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், நூலகம் விடுமுறை. இரண்டாம் சனியும் அப்படியே. முப்பது வருஷமாகப் போகிறவன், போன மாதம்கூட வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துத் திரும்பினேன்.

26.1.2025

"சீட்டு சரி, எடுத்த புத்தகம் தேறுமா என்று எப்படித் தெரியும்" என்று கேட்டவருக்கு.

நான் காரைக்குடியில் டிடிபி வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கருமாதிக் கார்டு. நடுநடுவே யாராவது ஒரு நாவலைக் கட்டாகக் கட்டி எடுத்து வருவார்கள். ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் முதல் வரியில் சூரியன் உதிக்கும். பறவைகள் கூவும். அதெல்லாம் தட்டச்சு செய்து செய்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. முதல் பக்கத்தைப் படிக்கமாட்டேன். பணம் கைமாறும் பக்கத்தைத் தேடுவேன்.

சம்பளம் கொடுப்பது, அடகு வைப்பது, மொய் எழுதுவது, கடன் கேட்பது எதுவானாலும் சரி. எந்த நாவலிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கும். அந்த இடத்தில் "அவன் பணத்தைக் கொடுத்தான், அவள் கண்ணீருடன் பெற்றுக்கொண்டாள்" என்று எழுதிப் போய்விட்டால் நானும் புத்தகத்தை மூடிவிடுவேன். எவ்வளவு, யார் எண்ணினார்கள், மடியில் முடிந்தாளா, கல்லாவில் போட்டானா என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் மற்றதும் தெரிந்திருக்கும்.

2016இல் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். டெம்மி அளவில் 11 பாரம் (பாரத்துக்கு 16 பக்கம்), 176 பக்கம், 300 பிரதி. 1964இல் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர்களைப் பற்றிய நாவல். முதல் ஐந்து அத்தியாயம் சொல்லும்படி இல்லை. சூரியன் இரண்டு தடவை உதித்தது. ஆறாவதில் ஒரு கிழவிக்கு மணியார்டர் வருகிறது. தபால்காரர் எண்ணிக் கொடுக்கிறார். அவள் திரும்ப எண்ணுகிறாள். ஒரு நோட்டைத் தனியே எடுத்துத் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள், அது கிழிந்து ஒட்டியது. "இதை மாத்திக் கொடப்பா" என்கிறாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்த நோட்டைக் கொடுத்துவிட்டுக் கிழிசலை வாங்கிக்கொள்கிறார். ஒன்றரைப் பக்கம். மெய்ப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ராத்திரி முழுதும் படித்தேன். மறுநாள் தரவேண்டிய கல்யாணப் பத்திரிகை தாமதமாகி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெயர் கேட்பீர்கள். சொன்னால் "நீ அச்சடித்ததை நீயே விற்கிறாயா" என்பீர்கள். வேண்டாம். அவரிடமே பிரதி இல்லை.

28.1.2025

"ராஜா இல்லாமல் தமிழில் சரித்திர நாவலே இல்லையா" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். இருக்கிறதே! நம் பக்கத்துச் சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம், இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்துவிட்டு 1946இல் திரும்பி, மதுரையில் தனியறையில் இருந்தபடி எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். வந்த புதிதில் அதன் தேதிச் சீட்டும் வெறிச்சென்றுதான் இருந்திருக்கும். அவரை இனிமேல் 'அறியப்படாதவர்' கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்தவரைத் தேடுங்கள்.

2.2.2025

ஒரு அம்மா தனிச்செய்தியில் திட்டினார். "நீங்கள் நாவல் படிக்கிறீர்களா, ஐந்தொகைக் கணக்கு சரிபார்க்கிறீர்களா?" என்றார். சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. அதனால் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆறேழு வருஷம் முன்பு ரங்கூன் நாவல் ஒன்று கையில் கிடைத்தது. கேள்விப்படாத பெயர், கேள்விப்படாத பதிப்பகம். பிரித்ததும் ஒரு கிட்டங்கி வருகிறது. கிட்டங்கி தெரியாதவர்களுக்கு: ரங்கூன் மொகல் தெருவில், வட்டித் தொழில் செய்த நம் செட்டியார்களில் பல மார்க்காக்காரர்கள் (மார்க்கா என்றால் கடை) ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்து தொழில் செய்த இடம். ராத்திரி அதே தரையில் படுக்கை. மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் என்று வரிசை. மூன்று வருஷக் கணக்கில் போவார்கள், பெண்டு பிள்ளைகள் ஊரில்தான் இருப்பார்கள். இந்த நாவலில் என்னடா என்றால் வட்டி வியாபாரமே புரியாத மாதிரி எழுதியிருந்தது. யார் எதற்குப் பணம் வாங்குகிறார்கள், ஏன் நிலம் செட்டியார் கைக்கு வருகிறது என்று ஒன்றும் இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் வந்த நிலம் அது. இதைத் தொடாமல் ரங்கூன் நாவலா என்று மூடிவைத்தேன்.

போன வருஷம் வேறு வழியில்லாமல் ஒரு பஸ் பயணத்தில் அதையே முதலிலிருந்து படித்தேன். கதை சொல்கிறவர் சமையல்காரர்! அவருக்கு எப்படி வட்டி தெரியும்? அவர் பார்ப்பது, மேலாள் இரவில் சாப்பிடாமல் எழுந்து போகிறார், அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேருக்கு உலை வைக்கச் சொல்கிறார்கள், பர்மியக் குடியானவர் ஒருவர் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சோறு போடலாமா என்று யாரிடம் கேட்பது என்று இவருக்குத் தெரியவில்லை. அந்தச் சோறுதான் அங்கே பணம் கைமாறும் பக்கம். எனக்குத்தான் கண் இல்லை.

ஆகவே விதியைத் திருத்திக்கொள்கிறேன். பணப் பக்கத்தைத் தேடுங்கள், ஆனால் யார் கண்ணால் பார்க்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

4.2.2025

பட்டியல் கேட்காதீர்கள் என்று சொன்ன வாயால் ஒரு பட்டியல். சாகித்திய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் விருது கொடுக்கிறது. வாங்கியவரை எல்லோரும் படிப்பார்கள். அந்த வருஷம் அதே வயதில் வேறு யார் முதல் தொகுப்பு போட்டார்கள் என்று தேடுங்கள்.

பிரதிலிபியில் (யாரும் கதை எழுதிப் போடலாம் என்கிற இணையதளம்) தேடலாமா என்றவருக்கு: தேடலாம். இரவு 11 மணிக்கு உள்ளே போனால் 1 மணிக்குத்தான் வெளியே வருகிறேன். இதுவரை இரண்டு பேர் தேறினார்கள். அதில் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

15.2.2025

இன்று ஒரு சமாச்சாரம் நடந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் பித்தளைக் குத்துவிளக்கு விசாரிக்கப் போனேன் (வாங்க இல்லை, விலை கேட்க). மரப்பெட்டிக்குள் மங்கிய பச்சைக் காலிகோ அட்டை போட்ட தொடர்கதை பைண்டிங். வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. நம் வீடுகளில் ஒரு காலத்தில் இது அலமாரி அலமாரியாக இருந்தது. 120 ரூபாய் சொன்னார், 80க்குக் கொடுத்தார்.

கதை 1942. பர்மாவில் ஜப்பான் குண்டு விழுந்தபிறகு, பியாபோனுக்குப் போன கணவனிடமிருந்து கடிதம் நின்றுபோகிறது. ஊரில் அவன் மனைவி. அவ்வளவுதான் கதை, 30 அத்தியாயம். ராஜா இல்லை! அவள் பழைய கடிதங்களையே திரும்பத் திரும்பப் படித்து ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு வரியில் நிற்கிறாள். ஒரு அத்தியாயம் முழுக்க "அரிசி கிடைத்ததா" என்ற ஒரே வரிதான். எந்த அரிசி, எப்போது அனுப்பியது, யார் கையில்.

எழுதியவர் பெயர் இல்லை. கதைத் தலைப்பும் இல்லை. பைண்டிங் செய்தவர் மேல் ஓரத்தைக் கட்டிங் போடும்போது தலைப்பெழுத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார். ஒவ்வொரு அத்தியாயத் தலையிலும் எழுத்துகளின் கீழ்ப்பாதி மட்டும் மிச்சம். கதை 30ஆவதில் முடியாமல் நிற்கிறது, 31ஆவது அத்தியாயம் இல்லவே இல்லை.

16.2.2025

பாதி ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்தின் கீழ்ப்பாதியை வைத்துச் சொல்வது என் தொழில்தானே என்று ஒரு திமிர். நடுவில் ஒரு 'மு' உறுதி, வால் தெரிகிறது. பிறகு இரண்டு எழுத்தாவது இருக்கிறது. முத்து, முருகு. செட்டிநாட்டில் 'முத்து' இல்லாத ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் தேடலைச் சுருக்கிவிடலாம்.

காலம் மட்டும் கிடைத்தது. ஒரு பக்கத்தின் பின்புறம் கூந்தல் தைல விளம்பரம், விலை "75 ந.பை." நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் 'நயா' போய்விட்டது. அதற்குள் வந்த தொடர்.

17.2.2025

எழுதியது பெண் என்று நினைக்கிறேன். கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட மறந்துவிட்டு, காலையில் விருந்தாள் வந்து நிற்கும்போது அவள் படுகிற பாடு அப்படியே இருக்கிறது. அந்தக் கவுனியே பர்மாவிலிருந்து வந்த அரிசி என்பதை வைத்துக் கதையைத் திருப்புகிற இடம் அபாரம்.

17.2.2025, மாலை

பள்ளத்தூர் நண்பர் போனில் சிரித்தார். "அண்ணே, நம்ம ஊருல விசேஷத்துக்கு நூறு படி கவுனி ஊறப்போடுறது யாரு? ஆம்பளைதானே?" சரி. போதாததற்கு, மனைவி பெயரில் எழுதிய ஆண்கள் தமிழில் கொஞ்சமா நஞ்சமா. சமையல்காரர் நாவலில் வாங்கிய அடி பதினைந்து நாளில் மறந்துபோயிற்று. நேற்றையதில் 'மு' மட்டும் உறுதி, மற்றதை அடித்துவிடுங்கள்.

23.2.2025

தேடுவது எப்படி என்று இரண்டு பேர் வழி சொன்னார்கள். புத்தகமாக வந்திருந்தால் சென்னை கன்னிமாரா நூலகத்தில் இருக்கவேண்டும். 1954 சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போகவேண்டும். புத்தகமாக வராவிட்டால் பழைய இதழ்கள்தான் கதி. அதற்கு ரோஜா முத்தையா நூலகம். முத்தையா பக்கத்துக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர், மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் தொகுப்பைச் சென்னைக்குக் கொண்டுபோனது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கோட்டையூர்க் காகிதத்தைப் பார்க்க நான் சென்னைக்கு ரயில் ஏறவேண்டும்.

பேச்சு வந்ததால் ஒன்று. தமிழ்ப் பதிப்புத் தொழிலில் நம் பக்கத்து ஆட்கள் இவ்வளவு பேர் ஏன் என்று யாரோ கேட்டிருந்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் பார்த்த குடும்பங்கள் புத்தகத்துக்கு வந்தது ஒரு காரணம். 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கிய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர், பர்மாவில் இருந்தவர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் காகிதக் கட்டுப்பாடு. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், அங்கே நெருக்கடி குறைவு. அதனால் பதிப்பகமும் சிறுவர் இதழும் அந்தப் பக்கம் குவிந்தன. அப்படி வந்து ஒரே பதிப்போடு நின்ற கதைகள் எத்தனையோ. தேடுகிறவர்கள் சென்னையோடு நிற்காமல் இந்தப் பக்கத்து வீட்டுப் பரண்களையும் பாருங்கள். கரையான் நமக்கு முன்னால் படித்துக்கொண்டிருக்கிறது.

2.3.2025

பைண்டிங்கின் முதுகில் மூன்று எழுத்து, தங்க மையில் அடித்து முக்கால்வாசி உதிர்ந்தது. புத்தகத்தின் பெயர் என்று நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடம் காட்டினேன். "இது வீட்டு விலாசம்ணே" என்றார், அதாவது அந்தக் குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். சாமான் வந்த ஊரும் தெருவும் சொன்னார். இங்கே எழுதவில்லை, அவர்களுக்குத் தொந்தரவு வரும்.

9.3.2025

போனேன். முகப்பு, வளவு எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. இரண்டாம் கட்டில் மட்டும் ஒரு ஆச்சி, எண்பதைத் தாண்டியவர், துணைக்கு ஒரு பெண். பங்காளிகள் சாமான்களை விற்றது அவருக்குத் தெரியும், வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. பைண்டிங்கைக் கையில் கொடுத்ததும் கண்ணாடி கேட்டார். பிரிக்கவில்லை. அட்டையை மட்டும் தடவினார்.

"இது எங்க மாமியார் தச்சது தம்பி. அவுகளே ஊசி வச்சுத் தச்சு, அப்புறம் அட்டை போடக் குடுத்தாக."

கடைசி அத்தியாயம் இல்லையே ஆச்சி என்றேன்.

"இருக்காது. அவுகதான் கிழிச்சு அடுப்புல போட்டாக."

ஏன்?

"அவன் திரும்பி வந்துட்டான்னு எழுதியிருந்துச்சாம்."

வந்தால் நல்லதுதானே.

"ஆரோட வந்தான்னு கேளு."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தது. எழுதியவர் பெயர் நினைவிருக்கிறதா என்று கிளம்பும்போது கேட்டேன். பேரெல்லாம் யார் பார்த்தது, வியாழக்கிழமை பத்திரிகை வரும், மாமியார் படித்து முடிக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான் தெரியும் என்றார். பைண்டிங்கை அங்கேயே வைத்துவிடட்டுமா என்றேன். "வேணாம், நீ வச்சுக்க. இங்க இருந்தா மறுபடி கடைக்குத்தான் போகும்."

11.3.2025

இரண்டு நாளாக ஒரு சந்தேகம். ஆச்சி தொடர்கதையைப் படித்ததாகச் சொல்லவே இல்லை. "எழுதியிருந்துச்சாம்" என்றார். மாமியார் சொல்லிக் கேட்டது. 30 அத்தியாயத்தையும் மறுபடி படித்தேன். பர்மாக்காரி ஒருத்தி வருவதற்கான தடயம் எங்கும் இல்லை. கடிதங்களில் அப்படி ஒரு வரி விழ இடமே இல்லை. இவ்வளவு கவனமாக எழுதியவர் கடைசி வாரம் அப்படி முடிப்பாரா? மாமியார் அடுப்பில் போட்டது எந்தக் கதையை என்று தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு அந்தத் தேவகோட்டைக்காரர், "நான் கேட்டது நாவல், நீங்கள் துப்பறிகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கவும். ஆனால் நீங்கள் கேட்ட நாவல் இதுதான்.

16.3.2025

தினம் இரண்டு பக்கம் தட்டச்சு செய்கிறேன். நான்கு அத்தியாயம் முடிந்தது. உரிமை யாருடையது என்று தெரியாமல் எங்கும் போடமாட்டேன், கேட்காதீர்கள். பங்குனி அத்தத்தன்று கம்பன் சமாதிக்கு நாட்டரசன்கோட்டை போவேன், நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே வந்தால் பைண்டிங்கைக் கொண்டுவருகிறேன்.

வீட்டில் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட வாரப் பத்திரிகைக் கட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமை வந்த இதழ். நாயகி பெயர் தெய்வானை, கணவன் பெயர் கதையில் கடைசிவரை வராது, 'அவுக'தான். 30ஆவது அத்தியாயம், தபால்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்து வைப்பதோடு நிற்கிறது.